சீனி வருத்தமும் கண்பார்வையும்: கணக்கில் வராத எங்கள் பக்கம்

வன்னியில் இருந்தபோது, 2003 இல், அம்மாவுக்குச் சீனி வருத்தம் எனக் கண்டுபிடித்தார்கள். மாதாந்தம் கிளினிக், ஒரு கொப்பி, இரண்டு வகைக் குளிசை. 2008 இன் பிற்பகுதியில் இடம்பெயரத் தொடங்கிய பின் குளிசை கிடைத்த நாளைவிடக் கிடைக்காத நாளே அதிகம். முகாமிலிருந்து வந்து மீண்டும் கிளினிக் போனபோது சீனி பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். கண்ணை யாரும் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 2014 இல் ஒருநாள் காலை, வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதப்பதாக அம்மா சொன்னார். மாலைக்குள் அந்தக் கண் இருண்டுவிட்டது.

வயதுக்கு வரும் வெள்ளை என்றுதான் நினைத்திருந்தோம். அது நீரிழிவு விழித்திரை நோய். குருதியில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால், கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையின் மெல்லிய குருதிக் குழாய்கள் பழுதடைந்து கசியும். சில அடைபட்டுப்போகும். அதனால் புதிய, பலமற்ற குழாய்கள் முளைக்கும். அவை வெடித்தால் கண்ணுக்குள் குருதி பரவும். விழித்திரையே கழன்றும் போகலாம். இறுதிக் கட்டம் வரை வலி இராது, பார்வையும் தெளிவாகவே இருக்கக்கூடும்.

இந்த நோய் நாடு முழுவதும் ஒரே மாதிரி இல்லை. 2005-2006 இல் நடந்த பெரிய ஆய்வொன்று, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நகரங்களில் 16.4 வீதம், கிராமங்களில் 8.7 வீதம். ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளிக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நாட்டின் கணக்கு என்று பல வருடங்கள் சொல்லப்பட்டதில் அம்மா போன்றவர்கள் இல்லை.

நீரிழிவு அதிகமுள்ள இடத்தில்தான் பார்வையிழப்பும் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. நோய் எத்தனை வருடம் இருந்தது, சீனியும் குருதி அமுக்கமும் எவ்வளவு கட்டுப்பட்டன, விழித்திரையை உரிய நேரத்தில் யாரேனும் பார்த்தார்களா என்பவையே கண்ணின் விதியைத் தீர்மானிக்கின்றன. சீனி கட்டுப்பாடின்றி இருந்த வருடங்களின் பாதிப்பு, பின்னர் கட்டுப்படுத்திய பிறகும் நெடுங்காலம் தொடரும். மருந்தின்றி பதுங்கு குழியில் கழிந்த மாதங்களையும் எங்கள் பக்கத்தில் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும். தேசிய கண் வைத்தியசாலை கொழும்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர். தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு அது பயணச் செலவு, இழந்த நாட்கூலி, துணைக்கு ஆள் என்று பெருகும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலைசெய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு இந்நோய் பல தசாப்தங்களாக முதற்காரணமாக இருந்தது. நீரிழிவுள்ள அனைவரையும் கண் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தபின், அந்த முதலிடம் மாறியதை 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது.

நாம் செய்யக்கூடியவை:

• இரண்டாம் வகை நீரிழிவு என்றால், நோய் கண்டுபிடித்த உடனேயே விழித்திரைப் பரிசோதனை. பின்னர் வருடத்துக்கொரு தடவை, அல்லது வைத்தியர் சொல்லும் இடைவெளியில்.

• முதலாம் வகை என்றால், நோய் தொடங்கி ஐந்து வருடங்களுக்குள்.

• நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் ஆரம்ப மாதங்களிலேயே.

• கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. கண்மணியை விரிக்கும் துளி மருந்து விட்டோ, விழித்திரையைப் படமெடுத்தோ பார்க்க வேண்டும். துளி விட்டால் சில மணிநேரம் மங்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள், ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

• மிதக்கும் கறுப்புப் புள்ளிகள், திரை விழுந்தது போன்ற மறைப்பு, திடீர் மங்கல் ஏதேனும் வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, சத்திரசிகிச்சை எனச் சிகிச்சைகள் உண்டு. இருக்கும் பார்வையைக் காப்பதே அவற்றின் முதல் வேலை. முற்றாக இழந்ததை மீட்பது கடினம். அம்மாவின் இடது கண்ணை லேசர் காப்பாற்றியது. வலது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது.

இன்று வீட்டிலுள்ள கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். விழித்திரை பார்த்த திகதி அதில் இல்லையென்றால், அடுத்த தடவை நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.