பந்தலூர் தங்கம்

ஊட்டிக்குப் போகிற நம்மவர்கள் பலரும் கூடலூரைத் தாண்டுவதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஏரிப் படகு, நமக்கு ஒரு பாக்கெட் வர்க்கி, அத்தோடு சரி. போன மாதம் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கி நானும் என் மனைவியும் கூடலூர் தாண்டி, நாடுகாணி வழியாக தேவாலா, பந்தலூர் பக்கம் போய் வந்தோம். பார்வைக்கு மழையில் நனைந்த தேயிலைத் தோட்டங்களும் சிறு கடைவீதிகளும்தான். ஆனால் 1880-ல் இந்த இரண்டு ஊர்களின் பெயரும் லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்டன. காரணம், தங்கம்.

அங்கே தங்கம் இருப்பதை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே பழைய சுரங்கக் குழிகள் அங்கே இருந்தன. பணியர்களும் குறும்பர்களும் ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொன் துகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தம். பிறகு காபி வந்தது. சில வருடம் நன்றாகக் காய்த்தது. அப்புறம் தண்டுதுளைப்பான் பூச்சியும் இலைநோயும் சேர்ந்து வயநாட்டுக் காபியைத் தீர்த்துக் கட்டின. துரைமார்கள் கையில் செத்த தோட்டங்கள் மிஞ்சின. இதை நினைவில் வையுங்கள், கதையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

1875-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங், இந்தப் பகுதியின் தங்கம் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதன்பின் 1879-ல் அரசாங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தது. பெயர் ராபர்ட் புரோ ஸ்மித். விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்தவர். ஊழியர்களைக் கொடுமைப்படுத்தினார் என்று விசாரணை நடந்து, 1876-ல் பதவி விலகியவர். அவர் கொடுத்த அறிக்கை சர்க்கரையாக இனித்தது. மேற்பரப்பில் மழையிலும் வெயிலிலும் சிதைந்த பாறையில் தங்கம் கண்ணுக்கே தெரியும். ஆழத்திலும் அதே அளவு இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் லண்டனில் அதற்கெல்லாம் யார் காத்திருந்தார்கள்?

1881 முடிவதற்குள் 41 கம்பெனிகள் இங்கிலாந்தில் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் மொத்த மூலதனம் சுமார் 50 லட்சம் பவுன். நம் நகைக்கடைப் பவுனும் அந்த இங்கிலாந்து நாணயத்திலிருந்து வந்ததுதான், எடை ஏறக்குறைய 8 கிராம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 40 டன் தங்கம் வருகிறது! தங்கம் எடுப்பதற்காக அவ்வளவு தங்கத்தைப் போடுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பணத்தில் பெரும்பங்கு பூமிக்குள் போகவேயில்லை. செத்த காபித் தோட்டங்களைக் கம்பெனிகள் தங்க வயல் விலைக்கு வாங்கின. விற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பாறை இடிக்கும் இயந்திரங்களை மேற்குக் கரையில் இறக்கி, மலைப்பாதையில் மேலே இழுத்து வந்தார்கள். பங்களாக்களும் கடைகளும் எழுந்தன. மலேரியாக் காய்ச்சலும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. கடைசியில் பாறையை இடித்துப் பார்த்தால், கிடைத்த தங்கம் செலவுக்கே கட்டவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் ஒவ்வொரு கம்பெனியாகச் சாய்ந்தது.

இதே அலையில்தான் 1880-ல் கோலாரிலும் மைசூர் கம்பெனி தோண்டத் தொடங்கியது. அதுவும் பணம் தீர்ந்து மூடும் நிலைக்கு வந்து, கடைசி முயற்சியில் நல்ல படிவத்தைப் பிடித்தது. அந்த வயல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், 2001 வரை ஓடியது. பந்தலூரில் கடைசி முயற்சிக்குப் பணம் மிஞ்சவில்லை என்பதைவிட, கீழே பெரிதாக எதுவும் இல்லை என்பதே என் கருத்து.

பிறகு தேயிலை வந்தது. அதோடு வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை ஏற்க இந்தியா சம்மதித்தது. தலைமுறை தலைமுறையாக இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் பின்னாளில் டான்டீ. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் இன்றும் அவர்களுடைய லயன் வீடுகளைப் பார்க்கலாம். பேச்சில் இலங்கை வாடை பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. டீக்கடையில் ஓர் அம்மா என் மனைவியிடம், "ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி பண்ணணுமாம், எங்க போறது தங்கச்சி?" என்று கேட்டார். நஷ்டத்தில் ஓடிய டான்டீ, தோட்டத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022-ல் முடிவானதிலிருந்து இந்தப் பயம் கூடியிருக்கிறது. கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-லேயே வந்தும், இந்தப் பக்கம் பட்டா இல்லாமல் வாழ்கிற குடும்பங்கள் ஏராளம்.

தங்க ஆசையும் முழுக்கத் தீரவில்லை. தேவாலா காட்டில் பழைய சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாக இறங்கி, பாறையை உடைத்து, பாதரசம் சேர்த்துப் பொன் பிரிக்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். மண் சரிந்து உயிர் போனதும் உண்டு. நீங்கள் போனால் சாலையிலிருந்தே பாருங்கள், உள்ளே போகாதீர்கள். யானை நடமாட்டம் வேறு. மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது, தேவாலா மழை அப்படி.