சார்ன்லியின் காற்றுக் கூண்டு

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1960-களின் தொடக்கத்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர், தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்திவந்தார். முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மூட்டின் ஆழத்தில் சீழ் வைத்தது. மருந்துக்கு அது அடங்காது. பெரும்பாலும் மூட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

சார்ன்லியின் சந்தேகம் காற்றின் மேல் விழுந்தது. அரங்கில் நிற்பவர்களின் தோலிலிருந்து உதிரும் செதில்கள் கிருமிகளோடு திறந்த காயத்தில் விழுகின்றன என்று கருதினார். ஹோவர்த் என்ற காற்றுச் சாதன நிறுவனத்தோடு சேர்ந்து, அறுவை அரங்குக்குள்ளேயே ஒரு கூண்டு கட்டினார். வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கும். உள்ளே நிற்பவர்களுக்குத் தலைமூடிய அங்கி. அவர்கள் விடும் மூச்சையும் குழாய் உறிஞ்சிவிடும். 1970 வாக்கில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது, அதுவும் முன்கூட்டி ஆன்டிபயாடிக் கொடுக்காமலே.

எல்லாரும் ஒப்பவில்லை. இதே காலத்தில் அவர் கையுறை, அங்கி, தையல் முறை ஆகியவற்றையும் மாற்றியிருந்தார். காற்றுக்கு மட்டும் எப்படிப் பெருமை சேரும்? நியாயமான கேள்விதான். பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஒப்பிட்டு 1982-இல் விடை சொன்னது: தொற்று சாதாரண அரங்கில் 1.5 சதவீதம், தூய காற்றில் 0.6. முன்கூட்டியே தரும் ஆன்டிபயாடிக்கின் பலனும் அதே ஆய்வில் தெரிந்தது.

காற்றிலிருந்து விழும் இவ்வளவு குறைந்த கிருமி, மூட்டில் சீழ் வைக்க எப்படிப் போதுமாகிறது? லண்டனில் எலெக், கோனென் என்ற ஆய்வாளர்கள் 1957-இலேயே காட்டியிருந்தார்கள்: தோலில் சீழ்பிடிக்கச் சில மில்லியன் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா தேவை, ஒரு தையல் நூல் உள்ளே இருந்தாலோ சில நூறே போதும். காரணத்தை விளக்கியவர்களில் முதன்மையானவர் நுண்ணுயிரியலாளர் பில் காஸ்டர்டன். அந்நியப் பொருளில் ஒட்டும் பாக்டீரியா, தானே சுரக்கும் பிசினுக்குள் படலமாகப் பெருகுகிறது. வெள்ளணுவும் மருந்தும் அங்கே தோற்கின்றன. முந்தி ஒட்டுவது உடலின் செல்லா, கிருமியா என்ற போட்டியாக இதை அந்தோணி கிரிஸ்டினா 1987-இல் வகுத்தார்.

தூய காற்று ஒரு வழி; கிருமியை ஒட்டும் முன்பே கொல்வது மற்றொரு வழி. ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் என்ற மருத்துவர், செயற்கை மூட்டைப் பதிக்கும் எலும்பு சிமென்ட்டில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்தார். 1970-இல் வெளியான அந்த முறை இன்றும் நிற்கிறது. கிருமியைக் கொல்லும் வெள்ளிக்கு இதய வால்வில் அந்த யோகம் வாய்க்கவில்லை. தையல் வளையத்தில் வெள்ளி பூசிய சில்சோன் இதய வால்வு 2000-இல் திரும்பப் பெறப்பட்டது. வால்வின் ஓரத்தில் ரத்தம் கசிந்தது; கிருமிக்கு வைத்த வெள்ளி, உடலின் திசுவையும் வளையத்தோடு சேரவிடவில்லை என்று கருதப்பட்டது.