கூட்டத்தில் யாருக்கு இடம்? காலநிலைப் போராட்டமும் அடித்தள ஜனநாயகமும்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சென்னையில் அடையாறு, கூவம் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற புறநகர் அடுக்குமாடிகளுக்கு அகற்றப்பட்டன. வெள்ளத்திலிருந்து அவர்களைக் காப்பதற்கே இந்நடவடிக்கை என்று சொல்லப்பட்டது. ஆனால் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. அகற்றப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். ஏரிகளிலும் கால்வாய்களிலும் எழுந்த பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

எந்த அவை கூடி இந்த முடிவை எடுத்தது, அதில் ஆற்றங்கரை மக்கள் எத்தனை பேர் பேசினார்கள் என்ற கேள்வியைக் காலநிலை பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. வெப்பமும் வெள்ளமும் ஒடுக்கப்பட்டோரையே முதலில் தாக்குகின்றன என்பது இன்று பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. தீர்வு என்ற பெயரில் எடுக்கப்படும் முடிவுகளும் அவர்களையே முதலில் தாக்குகின்றன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. முடிவெடுக்கும் கூட்டத்தில் இடம் இல்லாதவர்களுக்கு, காலநிலை நடவடிக்கை இன்னொரு வெளியேற்ற ஆணையாகவே வந்து சேர்கிறது. எனவே புவியைக் காக்கும் போராட்டமும் ஜனநாயகத்தைக் காக்கும் போராட்டமும் தலித் மக்களைப் பொறுத்தவரை ஒரே இடத்தில்தான் நடக்கின்றன.

மகாத் தந்த பாடம்

இந்த இணைப்பு புதியதன்று. பொது நீர்நிலைகளைத் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்ட மேலவை 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. மகாத் நகராட்சி 1924இல் அதை ஏற்றுச் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆயினும் 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று நீரருந்தும்வரை, அந்தத் தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. அதன்பின் சாதி இந்துக்கள் தாக்கினார்கள், குளத்தைச் சடங்கு செய்து ‘தூய்மை’ப்படுத்தினார்கள், நீதிமன்றம் சென்றார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 1937இல் தலித் மக்களுக்குச் சாதகமாக வந்தது. ஓர் இயற்கை வளத்தின் மீதான உரிமை தீர்மானத்திலிருந்து நடைமுறைக்கு வர 14 ஆண்டுகள் ஆயின.

இன்றும் இதுவே நிலை. உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று, எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று அறிவித்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் இந்த உரிமையைச் சேரியில் வாழும் ஒருவர் எந்த மேடையில், யார் முன் கோருவது?

மேடைகள் இரண்டு

அடித்தள மக்களுக்குச் சட்டம் தந்திருக்கும் முக்கிய மேடைகள் இரண்டு. முதலாவது கிராம சபை. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் அதற்கு உயிர் தந்தது. நீர் மேலாண்மை, சிறு பாசனம், சமூகக் காடு வளர்ப்பு, எரிபொருள், தீவனம் ஆகியவை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை எனப் பதினோராவது அட்டவணை குறிப்பிடுகிறது. காலநிலைத் தகவமைப்பு என்று இன்று பெரிய மாநாடுகளில் பேசப்படுவதில் பாதி அந்த அட்டவணையில் இருக்கிறது.

இரண்டாவது, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு முறையில் 1997 முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்தக் கூட்டம், 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி இப்போது நடத்தப்படுகிறது. சுரங்கமோ அனல்மின் நிலையமோ வரும் இடத்தருகே, மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமையேற்க, எவரும் எழுந்து பேசலாம். நிலப் பட்டா இருக்க வேண்டியதில்லை. நிலமற்ற கூலித் தொழிலாளிக்கும் நிலவுடைமையாளருக்கும் சம உரிமையோடு பேச இடந்தரும் அரசு மேடைகள் நம் நாட்டில் அதிகமில்லை. அதனால்தான் இது சுருங்குவதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

2020 சனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடி மூன்றாண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த மாதமே காவிரிப் படுகையை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு நிறைவேற்ற நேர்ந்ததற்கு அந்தப் போராட்டங்களே காரணம். அதே ஆண்டு மார்ச்சில் வந்த வரைவு அறிவிக்கை, கூட்டத்துக்கு முன்னான 30 நாள் அவகாசத்தை 20 ஆகக் குறைக்க முனைந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிடப்பட்ட அந்த வரைவை எட்டாவது அட்டவணையின் மொழிகளில் எல்லாம் மொழிபெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் சூன் 30 அன்று ஆணையிட வேண்டியிருந்தது. வரைவு இறுதி வடிவம் பெறவில்லை. ஆனால் தனித்தனிக் குறிப்பாணைகள் வழியே விலக்குகள் தொடர்கின்றன. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கங்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கப்பட்டன.

பசுமைத் திட்டங்களின் கதை இன்னும் விந்தையானது. சூரிய மின் நிலையங்கள் 2006 அறிவிக்கையின் பட்டியலிலேயே இல்லை. கருநாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள பாவகடாவில், ஐந்து ஊர்களின் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா எழுந்தது. நிலம் பறிக்கப்படவில்லை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்குப் பெறப்பட்டது. நல்ல முறை என்று பலர் பாராட்டினார்கள். நிலமுள்ளவருக்கு அது நல்ல முறைதான். அந்த நிலங்களில் கூலிவேலை செய்து, ஆடு மேய்த்து வாழ்ந்த நிலமற்றோருக்குக் குத்தகைப் பணம் வராது, வேலையும் போனது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது ஏறத்தாழ 9 விழுக்காடே. 2011 மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு. நிலவுடைமையை அளவுகோலாகக் கொள்ளும் எந்தத் தீர்வும் எவரை வெளியே நிறுத்தும் என்பதைக் கணக்கிட இந்த இரண்டு எண்கள் போதும்.

அம்பேத்கரின் ஐயம்

சுற்றுச்சூழல் இயக்கங்கள் கிராம சபையைப் போற்றுகின்றன. ஒடிசாவின் நியம்கிரி அதற்குச் சிறந்த சான்று. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. 2014 சனவரியில் ஒன்றிய அமைச்சகமும் அனுமதி மறுத்தது. கேரளத்தின் பிளாச்சிமடாவில் ஆதிவாசிகளும் தலித்துகளும் 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தின் அழுத்தத்தால் பெருமாட்டி ஊராட்சி கோகோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. முன்னின்ற மயிலம்மா எழுத்தறிவற்ற ஆதிவாசிப் பெண்.

இவை வெற்றிகள். எனினும் சாதி ஊரில் கிராம சபை என்னவாக இருக்கிறது? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைக் குடியரசாகப் புகழ்ந்தவர்களைக் கடுமையாக மறுத்தார். அறியாமையும் குறுகிய மனமும் குடிகொண்ட இடமாகவே அதைக் கண்டார். அவர் சொன்னதற்குத் தமிழ்நாடு சாட்சி. தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசன் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் முறையான தேர்தலை 2006 வரை நடத்தவே முடியவில்லை. தேசியக் கொடி ஏற்றக்கூட விடப்படாத தலித் தலைவர்கள் இன்றும் உண்டு. இத்தகைய ஊரில் ‘கிராம சபை முடிவெடுக்கட்டும்’ என்று பொத்தாம் பொதுவாக முழங்குவது, ஆதிக்கச் சாதியிடம் ஏரியையும் மேய்ச்சலையும் எழுதிக் கொடுப்பதாகவே முடியலாம்.

ஜகீராபாத்தின் தனிச் சங்கங்கள்

இந்தச் சிக்கலுக்குத் தெலங்கானாவின் ஜகீராபாத் வட்டாரம் ஒரு விடை தந்திருக்கிறது. வறண்ட செம்மண்ணும் குறைந்த மழையும் கொண்ட பகுதி அது; அன்றைய மேதக் மாவட்டம். 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பின் துணையோடு, ஊருக்கு ஊர் ஏழை தலித் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கங்களை அமைத்தார்கள். ஊர்க் கூட்டத்தின் மூலையில் அமராமல், முதலில் தம் கூட்டத்தைத் தாமே கூட்டினார்கள். தலித்துகளுக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று அம்பேத்கர் 1947இல் முன்வைத்த கோரிக்கையின் தொலைதூர எதிரொலி இதில் கேட்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

1990களின் நடுவில் இச்சங்கங்கள் மாற்றுப் பொது விநியோக முறை ஒன்றை உருவாக்கின. தரிசாகக் கிடந்த 2,500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் திருத்திச் சோளம் விளைவித்தார்கள். நிலத்துக்குரியவர் பெற்ற முன்பணத்தைத் தானியமாகத் திருப்பித் தந்தார். அது ஊரிலேயே சேமிக்கப்பட்டு, பஞ்ச மாதங்களில் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டது. எவர் ஏழை, எவர் மிக ஏழை என்று முடிவு செய்தது வட்டாட்சியர் அலுவலகம் அல்ல. தரையில் ஊரின் வரைபடத்தை வரைந்து, வீடு வீடாகச் சுட்டி, எல்லார் முன்னிலையிலும் அந்த ஊர் மக்களே வகைப்படுத்தினார்கள். மிக ஏழைக்கு அதிகப் பங்கு. நலத்திட்டப் பட்டியலில் பெயர் சேர்க்க ஊர்ப் பெரியவரின் வாசலில் நின்ற பெண்கள், பட்டியலைத் தாங்களே எழுதும் இடத்துக்கு வந்தார்கள்.

அதே பெண்கள் ஒரே வயலில் பல தானியங்களையும் பயறுகளையும் கலந்து விதைக்கும் பழைய முறையைக் காத்தார்கள். விதை வங்கிகளை நடத்தினார்கள். மழை பொய்த்தால் ஒரு பயிர் போகும், இன்னொன்று நிற்கும். ‘காலநிலை மீள்திறன்’ என்று இன்று ஆய்வேடுகள் சொல்வது அவர்களுடைய தானியக் குதிரில் இருந்தது.

2001இல் ‘பிரஜா தீர்ப்பு’ என்ற மக்கள் நடுவர் மன்றம் மேதக் மாவட்டத்தில் கூடியது. பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் துணையோடு ஆந்திர அரசு வகுத்த ‘தொலைநோக்கு 2020’ திட்டம், வேளாண்மையைச் சார்ந்திருப்போரை 70 விழுக்காட்டிலிருந்து 40 ஆகக் குறைக்க எண்ணியது. வெளியேற்றப்படும் மற்றவர் எங்கே போவார் என்பதற்கு அதில் தெளிவான பதில் இல்லை. சிறு, குறு உழவர்களைக் கொண்ட, பெண்களே பெரும்பான்மையாக இருந்த நடுவர் குழு, அரசு அலுவலர்களையும் விதை நிறுவனத்தாரையும் ஆய்வாளர்களையும் சாட்சிகளாக அழைத்து நாள்கணக்கில் கேள்வி கேட்டது. மரபணு மாற்றப் பயிரையும் ஒப்பந்தச் சாகுபடியையும் நிலத்திலிருந்து மக்களை அகற்றுவதையும் மறுத்து, வளத்தின் மீது ஊராரின் கட்டுப்பாட்டைக் கோரித் தீர்ப்பளித்தது. திட்டத்துக்கு நிதியளித்துவந்த பிரிட்டன் அரசின் வளர்ச்சித் துறை அந்த அறிக்கையின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கியது. ஏழைப் பெண்களின் தீர்ப்பு இலண்டன்வரை சினத்தைக் கிளப்பியது என்றால் அதன் வலிமையை உணரலாம். சட்டப்படி அதற்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசு அதற்குக் கட்டுப்படவில்லை.

2008இல் இச்சங்கத்துப் பெண்கள் தங்களுக்கென்று சமுதாய வானொலியைத் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இச்சங்கங்களுக்குக் கிடைத்தது.

களத்தில் செய்யத்தக்கவை

மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். அந்த முப்பது நாளில் சுருக்கத்தைப் படியெடுத்துச் சேரியில் உரக்கப் படித்துக் காட்டுவதே முதல் வேலை. அறிக்கையின் சமூகத் தாக்கப் பகுதியில் நிலமற்றோர் எண்ணிக்கை இருக்கிறதா, மேய்ச்சலும் விறகும் கூலியும் இழப்பாகக் கணக்கிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரா. கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை எதுவும் விதிக்கப்படவில்லை. பத்துப் பேர் வந்தாலும் நடந்து முடிந்ததாகப் பதிவாகும் என்பதால் புறக்கணிப்பு நமக்கு உதவாது. நடவடிக்கைகள் காணொளியாகப் பதிவு செய்யப்படும். முடிவில் தொகுப்பை வட்டார மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை கலையாமல் இருந்து, விடுபட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். எழுத்து வடிவில் மனு தந்து ஒப்புகைச் சீட்டுப் பெறுவது பின்னர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் செல்வோருக்குப் பயன்படும்.

கிராம சபைக்கு முந்தைய நாள் சேரியில் தனிக்கூட்டம் கூட்டித் தீர்மானங்களை எழுதி வைத்துக்கொள்வது ஜகீராபாத் வழி. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஆம் நாளும் அவற்றுள் ஒன்று. சேரியின் குடிநீர்த் தொட்டி, ஏரி மீன் குத்தகையில் பங்கு, ஆக்கிரமிக்கப்பட்ட பஞ்சமி நிலம், வெயில் காலத்தில் நூறு நாள் வேலையின் நேரம் ஆகியவற்றை அன்று தீர்மானமாகக் கொண்டுவரலாம். அந்தக் கூட்டத்தைச் சேரியிலேயே நடத்த வேண்டும் என்று ஊராட்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.