ராமென் முதல் 10 கோர்ஸ் விருந்து வரை: சில ஹோட்டல் சாப்பாடு மட்டும் ஏன் மறக்கவே மாட்டேங்குது? வைட்ஃபீல்ட்வாசிகளுக்கு ஒரு விளக்கம்

கல்யாண நாள் வருது. இல்லைன்னா ஊர்ல இருந்து அம்மா, அப்பா வந்திருக்காங்க. வைட்ஃபீல்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அப்போது எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வாரம் எங்க போய் சாப்பிடலாம்?"

போனைத் திறந்தால் நூறு ஹோட்டல் வரும். நாலு நட்சத்திர ரேட்டிங் பார்த்துப் போவோம். பல ஆயிரம் ரூபாய் செலவாகும். ஆனால் ஒரு மாதம் கழித்து என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. அதே நேரம், எப்போதோ நின்றுகொண்டே சாப்பிட்ட ஒரு பொடி தோசை அப்படியே நினைவில் இருக்கும். ஏன் இப்படி? ராமென் கடை, ஃபைன் டைனிங் என்கிறார்களே, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? பில்லில் எதைக் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

சில சாப்பாடு மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது?

நாம் ஓர் அனுபவத்தை முழு நீளப் படமாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதன் உச்சமான ஒரு தருணம், அது முடிந்த விதம், இந்த இரண்டும்தான் பெரும்பாலும் மனதில் தங்கும். உளவியலில் இதை 'உச்சம் - முடிவு விதி' என்கிறார்கள்.

பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் குழுவினர் 1993-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு முறை, 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கை வைக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 விநாடிக்குப் பிறகு மேலும் 30 விநாடி. அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் நீர் 15 டிகிரிக்கு லேசாகச் சூடாகும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் நீண்ட நேரம் குளிர்ந்ததைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், அது கொஞ்சம் நல்லபடியாக முடிந்தது.

சாப்பாட்டை அப்படியே இந்தச் சோதனையோடு ஒப்பிட முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இருபது ஐட்டம் இருந்த பஃபேயை விட, ஒரே ஒரு வாய் 'ஆஹா' என்று சொல்ல வைத்த இடம்தான் நினைவில் இருக்கும். அதேபோல, எல்லாம் நன்றாக இருந்தும் கடைசியில் பில் பார்த்து முகம் சுருங்கினால், நினைவில் நிற்பது அந்தச் சுருக்கம்தான். ஒவ்வொரு வகை ஹோட்டலும் அந்த உச்சத்தை ஒவ்வொரு விதத்தில் உண்டாக்குகிறது.

வைட்ஃபீல்டுக்கு ஏன் இத்தனை வகை ஹோட்டல்?

1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார், ஆங்கிலோ இந்தியர்கள் குடியேறி விவசாயம் செய்ய சுமார் 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அதைக் கேட்டுப் பெற்ற சங்கத்தின் தலைவர் டி.எஸ். ஒயிட். அவர் பெயரில்தான் வைட்ஃபீல்ட். அந்தக் காலத்தில் இங்கே இருந்த வேவர்லி இன் என்ற விடுதிக்கு, பெங்களூரில் ராணுவ அதிகாரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் வந்து போனார் என்று ஒரு கதை இன்றும் ஊரில் உலவுகிறது.

1998-ல் ஐடிபிஎல் செயல்படத் தொடங்கிய பிறகு ஊரின் முகமே மாறியது. பல மாநிலக்காரர்கள், வெளிநாட்டினர், அலுவலக விருந்துகள் என்று வந்ததும் ஹோட்டல்களும் பெருகின. 2012-ல் திறந்த விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ், சொந்தமாக பீர் காய்ச்சும் இடத்தையும் ஜாஸ் இசை அரங்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. அங்கே பலருக்கும் உச்சத் தருணம் தட்டில் இல்லை, மேடையில் இருக்கிறது.

இன்னொரு மாற்றம் மெட்ரோ. 2023 அக்டோபர் 9 முதல் வைட்ஃபீல்ட் காடுகோடியில் ஏறினால் பர்ப்பிள் லைனில் வண்டி மாறாமல் எம்.ஜி. ரோடு வரை போகலாம். "டிராஃபிக்ல யார் போறது" என்று கைவிட்ட நகர மையத்து ஹோட்டல்கள் மறுபடி கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தன.

நின்றுகொண்டே சாப்பிடும் கடை எப்படி மனதில் நிற்கிறது?

பெங்களூரின் சொந்தக் கண்டுபிடிப்பு 'தர்ஷினி'. நாற்காலி கிடையாது, சர்வர் கிடையாது. டோக்கன் வாங்கி, கவுன்டரில் தட்டை எடுத்து, உயரமான மேஜையில் வைத்துச் சாப்பிட வேண்டியதுதான். 1983-ல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினி இந்த முறைக்கு முன்னோடி. இடம் குறைவு, ஆள் குறைவு, கூட்டம் வேகமாக நகரும். அதனால் விலையும் குறையும். முக்கியமாக, தோசை கல்லிலிருந்து நேராக உங்கள் கைக்கு வரும். அந்தச் சூடுதான் இங்கே உச்சம்.

இதே வழியில் 2021-ல் பெங்களூரில் தொடங்கியது ராமேஸ்வரம் கஃபே. அப்துல் கலாம் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கியது. வைட்ஃபீல்டை ஒட்டிய புரூக்ஃபீல்ட் கிளையில் 2024 மார்ச் 1 அன்று மதிய நேரத்தில் குண்டு வெடித்துப் பலர் காயமடைந்தனர். வழக்கை என்ஐஏ விசாரித்தது. எட்டே நாளில், மார்ச் 9 அன்று, தேசிய கீதம் பாடிக் கடையை மறுபடி திறந்தார்கள். வாடிக்கையாளர்கள் திரும்ப வந்து வரிசையில் நின்றார்கள். தினமும் போகும் டிபன் கடை என்பது வெறும் வயிற்று விஷயம் இல்லை, ஒரு பகுதியின் இயல்பு வாழ்க்கையே அதில் இருக்கிறது என்று அந்த வரிசை காட்டியது.

ராமென் என்றால் நூடுல்ஸ் சூப்தானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு கிண்ணத்தில் ஐந்து தனித்தனி வேலை இருக்கிறது. மணிக்கணக்கில் கொதித்த சூப். உப்பும் ருசியும் தரும் 'தாரே' என்ற அடர்ந்த சாறு. காரத்தன்மையுள்ள உப்பு சேர்த்துப் பிசைந்ததால் இழுவையோடு இருக்கும் நூடுல்ஸ். மேலே மிதக்கும் வாசனை எண்ணெய். கடைசியாக முட்டை, இறைச்சி, காய் போன்ற மேல் அலங்காரம்.

சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன உணவு இது. சோயா சாஸ் சேர்த்தது ஷோயு, உப்பு மட்டும் சேர்த்தது ஷியோ, புளித்த சோயா விழுது சேர்த்தது மிசோ, பன்றி எலும்பை வெண்மையாகும் வரை கொதிக்க வைத்தது டொன்கொட்சு. இவைதான் பொதுவாகச் சொல்லப்படும் நான்கு வகை. அங்கே அது சாதாரண மக்களின் கடைச் சாப்பாடு. 2015 டிசம்பரில் டோக்கியோவின் 'சுதா' என்ற சிறிய ராமென் கடைக்கு மிஷலின் ஸ்டார் அறிவிக்கப்பட்டபோது, ராமென் கடை ஒன்றுக்கு ஸ்டார் கிடைத்தது அதுவே முதல் முறை.

பெங்களூரில் இந்த வகையில் அதிகம் பேசப்படுவது சாந்திநகரில் உள்ள நாரு நூடுல் பார். செஃப் கவன் குட்டப்பா 2022-ல் தொடங்கியது. இருக்கைகள் குறைவு, இணையத்தில் முன்பதிவு திறந்தால் கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும் என்பதே அதன் பெயரைப் பரப்பியது.

போவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, கிண்ணம் வந்ததும் சாப்பிட ஆரம்பிக்கணும். போட்டோ எடுத்து, ரீல்ஸ் போட்டு முடிப்பதற்குள் நூடுல்ஸ் சூப்பில் ஊறிக் குழைந்துவிடும், செஃப் உருவாக்கிய உச்சம் போயே போச்சு. உறிஞ்சிச் சாப்பிட்டால் சத்தம் வருமே என்ற கவலை வேண்டாம், ஜப்பானில் அது மரியாதைக் குறைவு இல்லை.

இரண்டாவது, சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது. மேலே காய்கறி மட்டும் இருந்தால் அது சைவ ராமென் ஆகிவிடாது. சூப் கோழி எலும்பிலோ பன்றி எலும்பிலோ செய்ததாக இருக்கலாம், தாரேயில் உலர்ந்த மீன் இருக்கலாம். "சூப், தாரே ரெண்டுமே வெஜ்ஜா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கூட வரும் பெரியவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு தெரிந்தால், அந்த முடிவுதான் வருஷக்கணக்கில் வீட்டில் பேசப்படும்.

ஃபைன் டைனிங்கில் ஏன் துளித்துளியாகத் தருகிறார்கள்?

"இவ்வளவு காசு வாங்கிட்டு ஒரு ஸ்பூன்தானா?" என்ற கேள்வி நியாயமானதுதான். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் மீதான ஆசை குறையும். ஆனால் வேறு சுவை வந்தால் மறுபடி பசிக்கும். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்ட பிறகும் ஐஸ்கிரீமுக்கு இடம் இருக்கிறதே, அதுதான். டேஸ்டிங் மெனு இந்த இயல்பை வைத்துக் கட்டப்படுவது. ஒவ்வொரு சுவையும் சலிக்கும் முன்பே அடுத்தது வந்துவிடும்.

நமக்கு இது புதிதும் இல்லை. வாழை இலையில் சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று வரிசையாக வருவதும் இதே கணக்குதான். சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் 2017-ல் திறந்த அவர்தனா, தென்னிந்தியச் சுவைகளை 7 முதல் 13 கோர்ஸ் வரை பரிமாறுகிறது. தெளிந்த தக்காளி ரசத்தைக் காக்டெய்ல் கிளாஸில் ஊற்றித் தருவது அதன் அடையாளம். நாக்கு வீட்டு ரசத்தை அடையாளம் காண்கிறது, கண் நம்ப மறுக்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் அவ்வளவு வேலையும்.

பெங்களூரில் இதற்கு ஃபார்ம்லோரைச் சொல்லலாம். வடக்குப் பெங்களூரில், பாகலூர் பக்கம் 37 ஏக்கர் பண்ணைக்குள் இருக்கிறது. நிறுவனர்களில் ஒருவரான செஃப் ஜான்சன் எபநேசர், அதற்கு முன் கோலாலம்பூரில் தமிழ்நாடு, கேரளா, இலங்கை உணவுகளை நவீனமாகப் பரிமாறும் 'நாடோடி' உணவகத்தில் இருந்தவர். பண்ணையில் விளைவதையும் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதையும் வைத்து, விறகு அடுப்பில் சமைப்பது இங்கே முக்கியம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்த செஃப் விஜய் குமார், நியூயார்க்கின் 'செம்மா' உணவகத்தில் நத்தைப் பிரட்டல் பரிமாறுகிறார். சிறு வயதில் வயலில் பொறுக்கிய நத்தைதான் அதற்கு மூலம். 2022-ல் செம்மாவுக்கு மிஷலின் ஸ்டார், 2025-ல் அவருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது. ஃபைன் டைனிங் என்றால் காவியர்தான் வேண்டும் என்பதில்லை.

கவனிக்க: மிஷலின் கைடு இந்திய ஹோட்டல்களை மதிப்பிட்டு ஸ்டார் கொடுத்ததில்லை. 'மிஷலின் தரம்' என்று யாராவது விளம்பரம் செய்தால், அது அந்த ஹோட்டல் வாங்கிய ஸ்டார் அல்ல.

கடைசியில் வரும் பில்லை எப்படிப் படிப்பது?

சாப்பாட்டின் கடைசித் தருணம் பில்தான். அதனால் கணக்கை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

தனியாக இயங்கும் ஹோட்டலில் உணவுக்கு 5% ஜிஎஸ்டி. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் நட்சத்திர விடுதிகளுக்குள் இருக்கும் உணவகத்தில் பொதுவாக 18%. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி தனி.

ஒருவருக்கு 5,000 ரூபாய் மெனு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 10,000. 5% வரி என்றால் 10,500. 18% என்றால் 11,800. அதோடு 10% சர்வீஸ் சார்ஜும், அதன் மேல் வரியும் சேர்ந்தால் 12,980. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று இருந்தால் இவையெல்லாம் தனி என்று அர்த்தம்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா? இல்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது. பில்லில் இருந்தால் "இதை எடுத்துடுங்க" என்று சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பரிமாறியவருக்கு நீங்களாகக் கொடுக்கும் டிப்ஸ் வேறு, அது உங்கள் விருப்பம்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

யாரோடு போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு பண்ணுங்க. மூட்டு வலி உள்ள அம்மாவை நின்று சாப்பிடும் கடைக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலை வரிசைக்கு, கூட்டிட்டுப் போக வேண்டாம். நிறைய பேசணும் என்றால் ராமென் கவுன்டர் சரிப்படாது. சாப்பிட்டு எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். டேஸ்டிங் மெனுவுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்கணும். சின்னக் குழந்தைகளுக்கு அது சிரமம். முன்பதிவு செய்யும்போதே அலர்ஜி, சைவம், ரத்து செய்தால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை பெரிய விருந்துக்குச் செலவு செய்வது தவறில்லை. ஆனால் செலவு செய்தால் மட்டும் நினைவு வந்துவிடாது. ஒரு நல்ல வாய், ஒரு நிம்மதியான முடிவு. அது 10-வது கோர்ஸிலும் கிடைக்கலாம், ஆபீஸ் போகும் வழியில் டோக்கன் வாங்கிச் சாப்பிடும் இட்லியிலும் கிடைக்கலாம்.