ரீஸ்டார்ட் ஏன் இவ்வளவு சுணங்குகிறது?



போன வாரம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது பக்கத்து வீட்டு நானா மறித்துக் கேட்டார். “சேர், நம்மட கம்பியூட்டர ஓஃப் பண்ணிட்டுப் போட்டா கொஞ்சம் கெதியா வருது. ரீஸ்டார்ட் குடுத்தா மட்டும் கால் மணித்தியாலம் சுத்துது. கடையில காட்டினன், பழசாப் போயிட்டு, புதுசு எடுங்க என்டாங்க. என்ன செய்யிற?”

அவருடைய மகள் இந்த வருடம் உயர்தரம். புதிது எடுப்பதென்றால் யாரிடமாவது கைமாற்று வாங்கித்தான் எடுக்க வேண்டும். நான் படிப்பிப்பது வரலாறு. கம்பியூட்டர் திருத்துவது என் தொழில் அல்ல. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. இன்னும் பலர் வீட்டில் இதே பிரச்சினை இருப்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பியூட்டரின் நினைவகம், அதாவது ரெம், கரண்ட் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி கரண்ட் வரும்போது அதற்கு எதுவுமே தெரியாது. வேலை செய்ய ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமை உள்ளே கொண்டுவரவும் இன்னொரு புரோகிராம் வேண்டும். பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். சப்பாத்தின் பட்டியைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. ‘பூட்’ என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

ஆரம்பத்தில் இந்த முதல் திறப்பை மனிதன்தான் கையால் கொடுத்தான். 1975 ஜனவரியில் ‘பொப்யுலர் இலக்ட்ரொனிக்ஸ்’ சஞ்சிகையின் அட்டையில் வந்த அல்டெயர் 8800 கம்பியூட்டருக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்பக்கம் முழுக்க சின்னச் சின்ன ஸ்விட்சுகள். அதற்காக பில் கேட்ஸும் போல் அலனும் பேசிக் மொழியை எழுதினார்கள். அதைக் காட்டுவதற்கு அல்புகர்கி நகரத்துக்குப் போன போல் அலனுக்கு விமானத்தில்தான் ஞாபகம் வந்தது: கடதாசி நாடாவில் இருக்கும் பேசிக்கை உள்ளே ஏற்றுவதற்கு ஒரு குட்டிப் புரோகிராம் வேண்டுமே! அங்கே இருந்தபடியே எழுதினார். இறங்கிப் போய் அதை ஸ்விட்ச் ஸ்விட்சாகத் தட்டி ஏற்றினார். இயந்திரத்தை ஓஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டியதுதான். நம்முடைய கால் மணித்தியாலம் அதை விடப் பரவாயில்லை.

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தன் பீ.சீ.யை அறிவித்தது. இன்றைய வீட்டுக் கம்பியூட்டர்களில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள். அதில் முதல் திறப்பை பயோஸ் என்ற பெயரில் ஒரு சிப்பில் நிரந்தரமாக எழுதி வைத்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் அது நினைவகம் முழுவதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கும். அந்தச் சோதனை முடியும்வரை காத்திருப்பது அதை உருவாக்கியவர்களுக்கே பெரிய தொந்தரவாக இருந்தது. புரோகிராம் இறுகி நிற்கும்போதெல்லாம் ஓஃப் செய்து, போட்டு, சோதனை முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருந்த டேவிட் பிராட்லி என்ற பொறியியலாளர் மூன்று விசைகளைச் சேர்த்து ஒரு குறுக்கு வழி செய்தார். கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட். இதை அழுத்தினால் நினைவகச் சோதனையை விட்டுவிட்டு இயந்திரம் மறுபடி தொடங்கும். தற்செயலாக அழுத்துப்படாமல் இருக்கத்தான் விசைகளைத் தூரத் தூரமாகத் தெரிவு செய்தார்.

அதாவது ரீஸ்டார்ட் என்பது ஓஃப் செய்து போடுவதை விடக் கெதியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே உருவானது. நானாவின் வீட்டில் அது தலைகீழாக நடக்கிறது. எப்போது மாறியது?

அதற்கு முன் வன்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையான சுணக்கம் அங்கேதான் இருக்கிறது. 1956இல் ஐ.பி.எம். செய்த முதல் வன்தட்டுக் கருவி ராமக். 50 தட்டுகள், நிமிடத்துக்கு 1200 சுற்று. 1983இல் ஐ.பி.எம். பீ.சீ. எக்ஸ்.டி.யில் வந்த 10 மெகாபைட் வன்தட்டு 3600 சுற்று. இன்றும் பல லெப்டொப்களில் இருப்பது 5400 சுற்று, மேசைக் கம்பியூட்டரில் பெரும்பாலும் 7200. அதே காலத்தில் புரொசெஸரின் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸிலிருந்து 3 கிகாஹேர்ட்ஸுக்கு, அதாவது 600 மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. தட்டு சுற்றுவது மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போகவில்லை. இரும்பைச் சுற்றுவதற்கு ஓர் எல்லை இருக்கிறதல்லவா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5400 சுற்று என்றால் செக்கனுக்கு 90. பழைய ரெக்கோட் பிளேயரின் ஊசி போல, வாசிக்கும் முனை சரியான வளையத்துக்கு நகர வேண்டும். பிறகு தேவையான இடம் சுற்றி வரும்வரை நிற்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 60, 70 வெவ்வேறு இடங்களைத்தான் வாசிக்க முடியும். விண்டோஸ் எழும்பும்போது வாசிக்க வேண்டியதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள், தட்டு முழுக்கச் சிதறிக் கிடப்பவை. சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

மைக்ரோசொப்ட் இந்தச் சுவரோடு நெடுநாள் முட்டியது. 2001இல் எக்ஸ்.பி. வந்தபோது, எழும்பும்போது எந்தெந்தத் துண்டு தேவைப்படுகிறது என்று குறித்து வைத்து அடுத்த முறை முன்கூட்டியே ஒழுங்காக வாசிக்கும் முறையைச் சேர்த்தார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது பெரிய மாற்றம் செய்தார்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று பெயர். நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் அடிப்பகுதி மூடப்படாது. அது இருந்தபடியே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்படும். மறுநாள் ஸ்விட்சைப் போட்டதும் அந்த ஒரே கோப்பை ஒரே இழுவையில் வாசித்தால் போதும், தட்டில் அங்கும் இங்கும் ஓடத் தேவையில்லை. கெட்டித்தனமான வேலைதான்.

ஆனால் ரீஸ்டார்ட் கொடுத்தால் இது நடக்காது. அப்டேட் போட்ட பின்பும் டிரைவர் மாற்றிய பின்பும் விண்டோஸ் முழுக்கப் புதிதாக எழும்ப வேண்டும். அதனால் ரீஸ்டார்ட்டைப் பழைய வழியிலேயே விட்டுவிட்டார்கள். இன்று நம் வீடுகளில் ஷட் டவுன் என்பது அரைத் தூக்கம், ரீஸ்டார்ட்தான் உண்மையான ஓஃப். மைக்ரோசொப்ட் இதைச் சாதாரண மனிதனுக்கு விளங்கும்படி திரையில் ஒரு வரி போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நானாவின் வீட்டில் டாஸ்க் மெனேஜரைத் திறந்து பார்த்தோம் (கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்). பெர்ஃபோமன்ஸ் பகுதியில் சீ.பீ.யூ.வின் கீழே ‘அப் டைம்’ என்று இருக்கும். 23 நாள் காட்டியது. “நான் ஒவ்வொரு ராவும் ஓஃப் பண்றனே!” என்றார். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தோம். அப்படிக் கொடுத்தால் முழுமையாக மூடும். திரும்பப் போட்டபோது பாவிக்கும் நிலைக்கு வர 11 நிமிடம். ஆகவே ரீஸ்டார்ட்டில் தனியாக ஒரு பிழையும் இல்லை. அந்த இயந்திரம் உண்மையில் எழும்ப எடுக்கும் நேரமே அதுதான், மற்ற நாட்களில் அது மறைந்திருந்தது. டாஸ்க் மெனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, புரொசெஸர் சும்மா இருந்தது. பழசாகிப்போனது கம்பியூட்டர் அல்ல, தட்டு மட்டும்தான்.

எல்லார் வீட்டிலும் இதே காரணம் என்று சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மூடும்போதே நின்றால் அப்டேட் ஓடுகிறது, அல்லது ஏதோ ஒரு புரோகிராம் மூட மறுக்கிறது. அப்டேட் ஓடும்போது மட்டும் கரண்டைப் பிடுங்கிவிடாதீர்கள். விண்டோஸ் அடையாளம் வருவதற்கு முன்பே நின்றால், செருகியிருக்கும் பென் டிரைவ், பிரின்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயற்சியுங்கள். டெஸ்க்டொப் வந்த பிறகு இழுத்தால் டாஸ்க் மெனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள்.

நானாவுக்கு எஸ்.எஸ்.டி. மாற்றினோம். புதுக் கம்பியூட்டரின் விலையோடு பார்த்தால் அது சிறு தொகைதான். இப்போது ரீஸ்டார்ட் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

கழற்றுவதற்கு முன் பழைய தட்டிலிருந்த படங்களைப் பிரதி எடுத்தோம். அது ஏற்கனவே ‘டிக் டிக்’ என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் எத்தனை தடவை திடீரென்று நின்றிருக்கும்! ஒரு பெருநாள் படங்கள் இருந்த கோப்புறை மட்டும் கடைசி வரை திறக்கவில்லை. மகள் இரண்டு மூன்று தடவை முயற்சித்துப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். உங்கள் வீட்டுத் தட்டிலும் அந்தச் சத்தம் கேட்டால் ரீஸ்டார்ட்டை அப்படியே விட்டுவிட்டு, இன்றைக்கே படங்களை வேறோர் இடத்தில் எடுத்து வையுங்கள்.