பேட்டையும் மகமையும்

1895-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பெரியாற்று அணை திறக்கப்பெற்றது. மேற்கடலுக்கு ஓடிய ஜலம் மலைச் சுரங்கத்தின் வழியாய்க் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கவே, இருபோகம் விளைந்து நிலத்தின் மதிப்பும் ஓங்கிற்று.

புதிய ஊரில் பூமி வாங்குவோனுக்கு முதற்றுணை யாது? பணமன்று, உறவின்முறையே என்பர் நம் நாடார் குல முன்னோர். சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதில் விருதுபட்டி, சிவகாசி, திருமங்கலம் முதலிய ஊர்களில் அவர்கள் ஒன்றுகூடி இடம் வாங்கி, வண்டியும் சரக்கும் தங்கப் பேட்டை அமைத்தனர். சரக்கின்மேல் மகமை தண்டிப் பொதுநிதி சேர்த்தனர். முறைகாரர் அதனை முறைமாறி நிர்வகித்தனர். தேனி மேலப்பேட்டை உறவின்முறையின் பெயரிலும் பேட்டை என்னுஞ் சொல் நிலைபெற்றுளது. 1910-இல் மஹாஜன சங்கமும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கியும் இவ்வொற்றுமையின் வழியே தோன்றின.

இன்றோ நம் இளைஞர், "நம்மவர்" என்ற ஒரு சொல்லை நம்பித் தரகரிடம் முன்பணம் கொடுக்கின்றனர். முன்னோர் நம்பியது வெறும் உறவையன்று. பலரறிய நடந்த நிர்வாகத்தையே. ஆதலின், அன்பர்காள், பெரியோரைக் கலந்து, தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் நீர்ப்பாத்தியமும் ஆராய்ந்த பின்னரே கிரயம் பேசுவோமாக.