பிரதி யார் கையில்? மலையகக் கடைக் கணக்கு, துண்டு முதல் கணினிப் பில் வரை

மலையகத் தொழிலாளரின் கடனைப் பற்றி எழுதியவர்களுக்கு 1921 ஒரு முற்றுப்புள்ளி. அந்த ஆண்டுச் சட்டம், ஆட்களைக் கடனோடு கைமாற்றிய துண்டு முறையை ஒழித்தது. அதன்பின் கடன் மெல்ல நழுவ, சம்பளமும் சங்கமும் குடியுரிமையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இக்கட்டுரை கடனை அவர்கள் விட்ட இடத்திலிருந்து எடுக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா நகரங்களின் பலசரக்குக் கடைகளில் இன்று ஓடும் பில் மென்பொருளும் அதற்கு அடுத்தடுத்து வரும் புதிய பதிப்புகளும் அந்தப் பழைய கடனின் தொடர்ச்சி என்பதே என் வாதம்.

நான் மாறுபடுவது குமாரி ஜயவர்தனவின் வாசிப்போடு. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி அவர் 1972இல் வெளியிட்ட நூல் இல்லாமல் இத்துறையில் யாரும் ஓரடி வைக்க முடியாது. நானும் அதில்தான் தொடங்கினேன். கொழும்பு நகரத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்த காலத்தில் தோட்டத் தொழிலாளர் ஏன் ஒதுங்கியிருந்தார்கள் என்று அவர் கேட்கிறார். தோட்டத்தின் தனிமை, கங்காணியின் பிடி, அந்தப் பிடியின் ஒரு விரலாகக் கடன் என்பது அவருடைய விடை. ஆள் சேர்ப்பவரும் வேலை வாங்குபவரும் கடன் கொடுப்பவரும் பல தோட்டங்களில் கடை வைத்திருந்தவரும் ஒரே பெரிய கங்காணி என்றால் தொழிலாளி எங்கே திரும்புவது? இந்த விளக்கம் சரி. ஆனால் கடனை ஓர் ஆளின் அதிகாரமாக மட்டும் பார்த்தால், அந்த ஆள் விழும்போது கடனும் விழுந்ததாகத் தோன்றும். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கும் இடத்துக்கு வரும்போது, நான் வாசிக்கும் விதத்தில், நூலின் கவனம் கடனை விட்டு விலகிவிடுகிறது. கடன் எந்தத் தாளில் எழுதப்பட்டது, அந்தத் தாளுக்கு எத்தனை பிரதி, பிரதி யார் வீட்டில் இருந்தது என்ற கேள்விகள் அங்கே எழவில்லை. என் மறுப்பு முழுவதும் இந்த ஒரு விடுபடலைப் பற்றியது.

துண்டையே எடுத்துக்கொள்வோம். இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை இன்னொரு தோட்டத்துக்கு எடுத்துப் போவார். அங்குள்ள துரை தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் புது இடத்தில், பெரும்பாலும் பெருத்து, தொடரும். தொகை கும்பலுக்கு மொத்தமாக எழுதப்பட்டது. தன் பங்கு எவ்வளவு என்று ஒரு தொழிலாளி கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட் இதற்கு அடுத்த படி. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத்தைக் கட்டிக்கொண்டு வந்தவரின் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. எண் தொழிலாளியின் உடம்பில் இருந்தது, அந்த எண்ணுக்கு எதிரே எழுதிய தொகை அலுவலகத்தில் இருந்தது. இரண்டு முறைகளிலும் கடன்பட்டவரிடம் கணக்கின் பிரதி கிடையாது.

1921க்குப் பிறகு என்ன ஆயிற்று? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, உயர் மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கூடவே, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலை ஓர் எல்லையை மிஞ்சக் கூடாது என்றும் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அரிசி செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் எழுதப்பட்டு, சம்பளத்தில் கழிக்கப்பட்டு, மிச்சம்தான் கைக்கு வந்தது. எத்தனை பேர் (முழு நாள் வேலை) விழுந்தது, எத்தனை அரைப்பேர் (அரை நாள்), எவ்வளவு அரிசி என்பதெல்லாம் கணக்கப்பிள்ளையின் கையெழுத்திலும் கிளார்க்கரின் மேசையிலும் இருந்தன. கடன் கங்காணியிடமிருந்து அலுவலகத்துக்கு இடம் மாறியது. பிரதியின் எண்ணிக்கை ஒன்றாகவே நின்றது. 1921ஐத் திருப்புமுனை என்று சொல்ல நான் தயங்குவது இதனால்.

என் கணக்கில் உண்மையான திருப்புமுனை நகரத்துக் கடையின் கொப்பி. சம்பளம் மாதம் 10ஆம் திகதிக்குள் வரவேண்டும். அதற்கும் அடுத்த சம்பளத்துக்கும் இடையில் மாவும் சீனியும் பருப்பும் கருவாடும் கடனுக்குத்தான். கடைக்காரர் தன் பேரேட்டில் ஒரு வரி எழுதுகிறார். வாடிக்கையாளர் கொண்டுவரும் சின்னக் கொப்பியில் அதே வரியை மறுபடி எழுதுகிறார். “முதலாளி, கொப்பியில போட்டுக்குங்க” என்று சொன்னால் இரண்டிலும் என்று பொருள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டின் கூரை இடுக்கில் செருகி வைத்த அந்தச் சின்னக் கொப்பிதான், தொழிலாளியின் கைக்கு வந்து தங்கிய முதல் கணக்குப் பிரதி என்று நினைக்கிறேன். எழுத்துத் தெரியாத தாயும் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்கலாம். பிழை இருந்தால் கடைக்குப் போய் இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போடலாம். துண்டோடு யாரும் இப்படிச் சண்டை போட்டிருக்க முடியாது.

இந்த இரட்டைக் கொப்பி எப்போது தொடங்கியது? நகரக் கடைகளின் பழைய பேரேடுகள் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வரத் தொடங்கிய பின்னரே இது பரவியிருக்க முடியும் என்பதற்குமேல் நான் போகமாட்டேன். சான்று மெலிந்த இந்த இடத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் நுவரெலியாக் கடைத்தெரு எரிந்தபோது கடைகளோடு பேரேடுகளும் எரிந்திருக்க வேண்டும். அதன்பின் கடன் திரும்பக் கட்டப்பட்டிருந்தால், அதற்கு ஆதாரமாக இருந்திருக்கக்கூடியது லயங்களில் இருந்த சின்னக் கொப்பிகள் மட்டுமே. இது ஊகம். ஆயினும் கொப்பியை வெறும் அடிமைச் சின்னமாகப் பார்க்கும் எவரும் இந்த ஊகத்துக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கடன் கொடுத்தவரின் சொத்தைக் கடன்பட்டவர் காத்து நின்ற நிலை அது. கங்காணியின் பிடி என்ற சட்டகத்துக்குள் அது அடங்காது.

இனி என்னிடம் உள்ள ஒரு சிறு தாள். ஹட்டனுக்கு அப்பால் ஒரு கடையில் அச்சான கணினிப் பில். கடையின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் இங்கே வேண்டாம். பொருட்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ளன. மலிவான வெப்ப அச்சுப்பொறிகளில் தமிழ் எழுத்து உள்ளே பொதிந்திருப்பதில்லை. தமிழ் வேண்டுமானால் மென்பொருள் முழு பில்லையும் படமாக்கி அனுப்ப வேண்டும், பழைய பதிப்புகள் அதைச் செய்வதில்லை. ஐந்தாவது வரிதான் என்னை நிறுத்தியது. அரிசிக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் “பழைய கொப்பி” என்று ஒரு பொருள்! அதற்குப் பொருள் எண் உண்டு, அளவு 1, விலை போன மாத நிலுவை முழுவதும்.

அந்தப் பில்லை அச்சிட்ட மென்பொருள் பதிப்பில் கடன் பகுதி இல்லை. காசு வாங்கினால்தான் விற்பனை முடியும் என்பது அதன் பிறவிக் குணம். 1879இல் ஒகையோவின் டேட்டனில் ஜேம்ஸ் ரிட்டி காசுப் பெட்டி இயந்திரத்தைச் செய்தது, வேலையாட்கள் கல்லாவில் கை வைக்காமல் தடுக்க. அந்த மரபில் வந்த மென்பொருளுக்கு அலகு விற்பனை. கொப்பிக்கு அலகு குடும்பம். கடைக்காரர் குடும்பத்தை மென்பொருளுக்குள் நுழைக்க ஒரு வழி கண்டார்: கடனைச் சரக்காக்கினார். இதன் விளைவுகளை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பில்லிலும் இருப்பில் ஒன்று குறைவதால் “பழைய கொப்பி”யின் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். கடைக்காரர் அறியாமலே, எத்தனை முறை நிலுவை முன்னே தள்ளப்பட்டது என்ற எண்ணிக்கை அங்கே சேர்கிறது. மறுபக்கம், கடனுக்குப் போன பருப்பு ஒருமுறையும் அதன் நிலுவை மறுமுறையும் விற்பனையாகப் பதிவதால் மொத்த விற்பனை பெருத்துக் காட்டும். இக்கடைகளின் மென்பொருள் அறிக்கையை வைத்து மலையகச் சில்லறை வணிகத்தை அளக்க முனைவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பில்லின் காலம் ஒரு சிக்கல். அச்சான திகதி 2009 ஜனவரி 1. நேரம் நள்ளிரவு கடந்து 47 நிமிடம். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. தாய்ப்பலகையின் மின்கலம் செத்த கணினி, மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தன் பிறந்த திகதிக்குத் திரும்பிவிடும். எனவே 47 நிமிடம் என்பது மின்சாரம் திரும்பி வந்ததிலிருந்து கழிந்த நேரம் என்று கொள்கிறேன். அதே பில்லில் 400 கிராம் பால்மா 790 ரூபா. 2021 டிசம்பர் இறுதியில் 540 ரூபாவான அந்தப் பைக்கற்று 790ஐத் தொட்டது 2022 மார்ச் நடுப்பகுதிக்குப் பின். அந்த ஆண்டிலேயே ஆயிரத்தைக் கடந்தது. மார்ச் இறுதியில் நாடு நாளுக்கு 13 மணிநேரம் வரை இருளில் கிடந்தது. மூன்றையும் சேர்த்தால் மார்ச் இறுதியோ ஏப்ரலோ பொருந்தும். ஆனால் பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்பவரும் உண்டு, விலை ஏறியும் கணினியில் மாற்ற மறப்பவரும் உண்டு. கீழ் எல்லை மார்ச் நடுப்பகுதி என்பது உறுதி. மேல் எல்லையைத் திறந்தே விடுகிறேன்.

மென்பொருள் புதுப்பிப்பை வரி உந்துகிறது என்பது பொதுவான விளக்கம். வற் வரி 2019 டிசம்பரில் 8 வீதம், 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று மாறியபோது பெரிய கடைகள் பதிப்பை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் 2024இல் பதிவு எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபா. தோட்டத்துச் சந்தியில் உள்ள கடை அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அங்கே புதிய பதிப்பை இழுத்து வந்தது கடன் என்றே படுகிறது. புதிய பதிப்பில் வாடிக்கையாளர் கணக்கு என்று தனிப் பகுதி; பெயரை அழுத்தினால் நிலுவை தானாக வருகிறது. “பழைய கொப்பி” என்ற பொருள் இனி வேண்டாம்.

கடைக்காரருக்கு இது பெரிய ஆறுதல். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இரவு பத்து மணிக்குப் பேரேடு கூட்டுகிறவரின் சிரமம் சின்னதல்ல. ஆனால் சின்னக் கொப்பி என்ன ஆயிற்று? அதில் எழுத வேலை மிச்சமில்லை. பதிலுக்கு வெப்பத்தாள் பில். லயத்து அடுப்படிச் சூட்டில் அந்தத் தாள் கறுத்தோ வெளுத்தோ போகிறது, எழுத்து மறைகிறது. இன்னொன்று, கணக்கைத் திறக்கக் கைப்பேசி எண் கேட்கப்படுகிறது. பழைய பேரேட்டில் ஒருவரை அடையாளம் காட்டியவை தோட்டம், டிவிசன், லயம், பெயர். வீட்டில் நிலையாக இருக்கும் எண் பெரும்பாலும் கொழும்பில் வேலை செய்யும் மகனுடையது. நிலுவைக் குறுஞ்செய்தி அவனுக்குப் போகிறது. கொழுந்து பறித்துக் கடன் கட்டும் தாய்க்குப் போவதில்லை. இரண்டாய் இருந்த பிரதி மறுபடி ஒன்றாகிறது, கங்காணியோ துரையோ இல்லாமலேயே. கொடுமைக்காரர் ஒருவர் இருந்தால்தான் ஒற்றைப் பிரதி உண்டாகும் என்று எண்ணவைக்கும் வாசிப்பு இங்கே கைகொடுக்காது. ஜயவர்தனவோடு எனக்குள்ள பேதம் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

இதில் ஓர் அவசரமும் உண்டு. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகளை மாற்றும் கடைகள் பழைய தரவைப் புதிய பதிப்புக்குக் கொண்டு போகும். அப்போது “பழைய கொப்பி” வரிகள் ஆளின் கணக்காக மாறாமல், பொருள் பட்டியலில் ஒரு பொருளாகவே போய்ச் சேரும், அல்லது குறை இருப்பு என்று துடைக்கப்படும். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதைக் கையால்தான் மறுபடி பதிய வேண்டும், அதற்குச் சரிபார்ப்பு வீடுகளில் எஞ்சியுள்ள கொப்பிகள். தரவு மாற்றும் நாளில் வாடிக்கையாளரைக் கொப்பியோடு கடைக்கு வரச் சொல்வதும், புதிய கணக்கின் தொடக்க நிலுவையைச் சாதாரணத் தாளில் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுப்பதும் மென்பொருள் விற்பவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. ஒருங்குறித் தமிழுக்கு இலங்கைத் தரம் 2008இலேயே வந்துவிட்டது. அப்படிச் சேரும் கொப்பிகளைக் கடைக்காரர்கள் எறியாமல் வைத்தால், இரட்டைக் கொப்பி எந்தப் பத்தாண்டில் தொடங்கியது என்பதையும் ஒருவேளை அவற்றிலிருந்தே பின்னோக்கிக் கணிக்கலாம்.